பணமா, பொருளா? போரில் சிக்கிய தாய்க்கும் குழந்தைக்கும் எது உதவும்

நன்கொடை தர நினைக்கும் பலரும் தயங்குவது இந்த இடத்தில்தான்.

செலவு
பணம்: கப்பல், கிடங்கு, லாரி வாடகை மிச்சம்.
பொருள்: இவை எல்லாம் உண்டு, சோதனைச் சாவடியில் காத்திருப்பும் உண்டு.

கண்ணியம்
பணம்: இதில் பணமே மேல். ஜோர்தானின் ஸாத்தரி முகாமில் 2016இல் சிரிய அகதிகள் கடையில் கருவிழியை ஸ்கேனரில் காட்டியே, தங்களுக்கு ஒதுக்கிய உதவித்தொகையில் உணவுப் பொருள் வாங்கத் தொடங்கினார்கள். இன்று என்ன சமைப்பது என்பது தாயின் முடிவு. கையில் ரொக்கம் இருந்தால் மாதவிடாய்த் துணிக்காக யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.
பொருள்: கொடுத்ததுதான் கிடைக்கும்.

கிடைப்பது
பணம்: சந்தை முடங்கிய ஊரில் பயன் குறைவு.
பொருள்: சூடானின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் நிலவுவதாக 2024 ஆகஸ்டில் உறுதிசெய்யப்பட்டது. கடுமையாக மெலிந்த குழந்தைக்கு அங்கே தேவைப்பட்டது 92 கிராம் நிலக்கடலைப் பசைப் பொட்டலம். 500 கலோரி, சமைக்க வேண்டாம், தண்ணீர் கலக்க வேண்டாம். நுனியைக் கிழித்துப் பிதுக்கினால் குழந்தையே சப்பிச் சாப்பிடும்.

கடைகள் திறந்திருக்கும் ஊருக்குப் பணம் கொடுங்கள். முற்றுகைக்குள் இருப்பவர்களுக்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் பொருள்தான். பழைய துணி மூட்டை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.