தெருப் பூனைக்குத் தனி அறையா, கூடத்தில் கூண்டா?

வீட்டில் ஏற்கெனவே பூனைகள் இருக்க, தெருப் பூனையொன்றை உள்ளே சேர்க்க இரண்டு வழிகள் உண்டு: கதவடைத்த தனி அறை, அல்லது கூடத்து மூலையில் பெரிய கூண்டு.

என் வாக்கு தனி அறைக்கே. முதல் காரணம் நோய். பூனைகளைக் கொல்லும் பான்லுகோபீனியா வைரஸ் நம் கையிலும் செருப்பிலும்கூட ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு வாரமாவது பிரித்து வைத்து, ரத்தப் பரிசோதனை, குடற்புழு மருந்து, தடுப்பூசி எல்லாவற்றையும் கால்நடை மருத்துவரிடம் தொடங்கிவிட வேண்டும். கூண்டுக் கம்பி தும்மலைத் தடுக்காது.

அடுத்தது அச்சம். வீட்டுப் பூனை எதிரே உட்கார்ந்து கண்கொட்டாமல் முறைத்தால், கூண்டுக்குள் இருக்கும் புதுப் பூனைக்கு ஓட இடமில்லை; காதுகளை மடக்கிக்கொண்டு, மலஜலம் கழிக்க வைத்த மணல் தட்டிலேயே சுருண்டுவிடும். அறையிலோ கட்டிலுக்கடியில் ஒளியலாம். முகம் பார்க்கும் முன்னரே வாசனை பழக வேண்டும்: படுத்த துணிகளை இரு பக்கமும் மாற்றிப் போடுங்கள். பிறகு மூடிய கதவின் இருபுறமும் மீன் சோறு வையுங்கள். இரண்டு பக்கமும் சீறாமல் தட்டைக் காலி செய்தால் கதவை ஒரு விரற்கடை திறக்கலாம். சீறினால் மறுபடி மூடுங்கள், அவசரமே வேண்டாம்.

அறைக்கு இடமில்லை என்பவர்களுக்குக் குளியலறையே போதும். அதற்கும் வழியில்லாதபோதுதான் கூண்டு: மூன்று பக்கமும் துணியால் மூடி, உள்ளே ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி வைத்து. பின்னால், நேருக்கு நேர் பார்க்கும் நாட்களில், கூண்டு நன்றாகவே உதவும்.

எந்த வழியானாலும் மணல் தட்டுகள் பூனைகளைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.