இதயத்துக்கா, கோதையாற்றுக்கா? டிஜிட்டல் ட்வின் முதலில் எதற்கு வேண்டும்

டிஜிட்டல் ட்வின் என்பது கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒரு மாற்றுருவம். நிஜப் பொருளில் அளந்த கணக்கை வாங்கி, அதைப் போலவே நடந்து காட்டும். மருத்துவத்திலும் சுற்றுச்சூழலிலும் இது வந்துவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு முதலில் எது என்று கேட்டால், தயங்காமல் கோதையாறு என்பேன்.

மருத்துவம் முன்னால் நிற்பது உண்மை. மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏ 2014-ல் அனுமதித்த ஹார்ட்ஃப்ளோ என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் சிடி ஸ்கேன் படத்தை வைத்து இதய ரத்தக்குழாய்களை முப்பரிமாணத்தில் கட்டி, அடைப்பைத் தாண்டும்போது ரத்தத்தின் அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போடுகிறது. அடைப்புக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தை முன்னால் உள்ள அழுத்தத்தால் வகுத்தால் 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொருள். முன்பு இதையே குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டுத்தான் அளந்தார்கள், அந்த அளவோடு ஒப்பிட்டு கம்ப்யூட்டர் கணக்கைச் சரிபார்க்கவும் முடிகிறது. ஆனால் அது சிடி எடுத்த அன்றைய இதயம், மறுநாள் நடப்பது அதற்குத் தெரியாது. பலனும் ஒருவருக்குத்தான்.

சுற்றுச்சூழல் பக்கம் பெரிய முயற்சி ஐரோப்பாவின் டெஸ்டினேஷன் எர்த், 2024 ஜூனில் தொடங்கி வைத்தார்கள். அதில் புயல், வெள்ளம் போன்றவற்றுக்கான ட்வின் உலகத்தைச் சுமார் 4.4 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. உலக அளவில் அது மிக நுணுக்கம். நமக்குப் போதாது, ஏனென்றால் கோதையாற்றின் பேச்சிப்பாறை அணையிலிருந்து அது கடலில் சேரும் தேங்காப்பட்டணம் நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டருக்குள்தான், மலை, அணை, திற்பரப்பு, குழித்துறை, பொழிமுகம் எல்லாம் ஏழெட்டுக் கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

ஆகவே நமக்கென்று ஒரு சின்ன ட்வின் வேண்டும். மேல்கோதையாற்றில் பெய்யும் மழை, அணை மட்டம், பரளியாறு கொண்டுவந்து சேர்க்கும் தண்ணீர், பொழிமுகத்தில் கடல் ஏற்றம், இவற்றை மணிக்கு மணி வாங்கிக்கொண்டால் இப்போது மறுகால் திறந்தால் குழித்துறையில் எத்தனை மணிக்கு, எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கலாம். அணை மட்டமும் வரத்தும் தினமும் அளக்கிற கணக்குதான், புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒரு பயம் உண்டு: கணக்குத் தப்பி முன்னாலேயே திறந்துவிட்டால் கும்பப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் இருக்காது. அதனால் முதல் இரண்டு மூன்று மழைக்காலம் ட்வின் சும்மா ஓடட்டும், மதகில் கை வைக்க வேண்டாம், நிஜ வெள்ளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

சரி, கடல்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை மீனவர்கள் பலர் அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள், எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கரையின் வயர்லெஸ்ஸுக்கு எட்டாத தூரத்தில். அங்கே மட்டும் நான் ட்வினுக்குக் காசு கேட்க மாட்டேன். ஒவ்வொரு விசைப்படகிலும் செயற்கைக்கோள் வழியாகச் சேதி வாங்கும் கருவி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.