தனியா ரூம் எடுப்பதா, வீட்டிலேயே இருப்பதா? சேலத்துக் கணக்கு

வேலை சேலம் டவுனில், பெற்றோர் வீடு இதே மாவட்டத்திலோ பக்கத்து மாவட்டத்திலோ எங்கோ ஓர் ஊரில். இப்படி இருக்கும் இளவட்டங்களிடம் பேச்சை எடுத்தால் சுதந்திரம், பாசம், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று சுற்றிச் சுற்றி வரும். அதையெல்லாம் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் கிலோமீட்டரைப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே முடிவு தெரிந்துவிடும்.

ஓமலூரை எடுத்துக்கொள்வோம். டவுனுக்குச் சுமார் 15 கிலோமீட்டர். போக வர 30, மாதம் 25 நாள் வேலை என்றால் 750 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கும் பைக்குக்கு 15 லிட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,500 ரூபாய். பெண்களுக்கு அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் கட்டணமே கிடையாது. இந்தத் தூரத்தில் இருந்துகொண்டு, செலவு மிச்சமாகும் என்று யாராவது ரூம் எடுத்தால் அது தப்புக் கணக்கு. வேறு காரணம் இருக்கலாம், அது வேறு.

ஆத்தூர் என்றால் கதை மாறுகிறது. ஒரு வழிக்கே 50 கிலோமீட்டருக்கு மேல். மாதம் 2,500 கிலோமீட்டர், 50 லிட்டர், 5,000 ரூபாய். மாதாமாதம் ஆயில் மாற்ற வேண்டி வரும், டயர் ஒன்றரை வருஷம் தாங்கினால் அதிசயம். அதாவது ஒரு சிங்கிள் ரூம் வாடகையை பெட்ரோல் பங்கில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பஸ்ஸில் செலவு குறையும். ஆனால் புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடிப்பதையும் சேர்த்தால் ஒரு நாளில் மூன்று மணி நேரம் போகும். சேலம் டவுன் ஸ்டேஷன் வழியாகப் போகும் விருத்தாசலம் லைனில் சீசன் டிக்கெட் மலிவுதான், ரயில்தான் கம்மி. ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு வண்டி இருந்தால் அதிர்ஷ்டம்.

வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல்வரை ஒரு வழிக்கு 45 நிமிடத்துக்குள் என்றால் வீட்டிலேயே இருக்கலாம், ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ரூம் எடுக்கலாம். இது எங்கள் அளவுகோல். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் ராசிபுரம், சங்ககிரிக்காரர்களுக்குத்தான் கீழே உள்ளதெல்லாம் முக்கியம்.

முதல் மாதம் எவ்வளவு வேண்டும்

கைக்கு வரும் சம்பளம் 22,000, வாடகை 6,000 என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் ஐந்து மாதம் கேட்டால் 30,000. முதல் மாத வாடகை 6,000. புரோக்கர் வழியாகப் போனால் அரை மாதமோ ஒரு மாதமோ அவருக்கு. இரண்டு பர்னர் அடுப்பு, குக்கர், மிக்ஸி, நாலு பாத்திரம், பாய் தலையணை, வாளி, ஃபேன் (பல வீடுகளில் கொக்கி மட்டும்தான் இருக்கும்) என்று சிக்கனமாக வாங்கினாலும் 15,000. ஆகக் கையில் 55,000 இல்லாமல் இறங்கினால் கிரெடிட் கார்டில்தான் குடித்தனம் தொடங்கும். அப்படித் தொடங்கியவர்கள்தான் ஆறாவது மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறார்கள்.

அதன்பின் மாதா மாதம்: வாடகை 6,000, சாப்பாடு 4,500, கரண்ட் 400, தண்ணி கேன் 300, கேஸ், சோப்பு, சில்லறை 800. மொத்தம் 12,000. இதில் எழுதாமல் விட்ட செலவு ஒன்று உண்டு. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஒரு தட்டுவடை செட்டும் ஒரு டீயும், 40 ரூபாய், மாதத்துக்கு ஆயிரம். வீட்டில் இருந்தால் அந்த நேரத்துக்கு அம்மா ஏதாவது கொடுத்துவிடுவார்.

அட்வான்ஸ் பற்றிச் சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறுவிதமாக ஒத்துக்கொண்டாலொழிய முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. நடைமுறையில் ஐந்தும் கேட்கிறார்கள், பத்தும் கேட்கிறார்கள். சட்டத்தை நீட்டினால் வீடு கிடைக்காது, உண்மைதான். பேரம் பேச அது ஒரு பிடி. எவ்வளவு கொடுத்தாலும் ரொக்கமாகக் கொடுக்காமல் அக்கவுண்டில் போடுங்கள்.

ரூம் பார்க்கப் போகும்போது

மதியம் மூன்று மணிக்குப் போங்கள். காலை பத்து மணிக்குக் குளுகுளு என்றிருக்கும் மொட்டை மாடி ரூம், ஏப்ரலில் மூன்று மணிக்கு எப்படி இருக்கும் என்று உள்ளே நின்று பார்த்தால்தான் தெரியும். தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை நடுராத்திரி வரை இறக்கும். ஃபேன் அதே சூட்டைச் சுற்றிவிடும். மேலே இன்னொரு மாடி இருக்கும் வீடு என்றால் 500 ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

பாத்ரூம் குழாயைத் திறந்து கையில் சோப்பு போட்டுப் பாருங்கள். நுரை வரவில்லை, கழுவினாலும் பிசுபிசுப்பு போகவில்லை என்றால் போர் தண்ணீர், உப்பு அதிகம். ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிந்து சில மாதத்தில் அதைத் தின்றுவிடும். மேட்டூர் காவிரித் தண்ணீர் எல்லாப் பகுதிக்கும் தினமும் வருவதில்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, உங்களுக்குத் தனித் தொட்டி உண்டா, மோட்டார் சுவிட்ச் யார் கையில் என்று பக்கத்துப் போர்ஷன்காரரிடம் கேளுங்கள். ஓனரிடம் கேட்டால் "தண்ணிக்குப் பிரச்சினையே இல்ல தம்பி" என்றுதான் பதில் வரும்.

அடுத்தது மீட்டர். தனி சர்வீஸ் நம்பர் என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். ஒரு ஃபேன், இரண்டு லைட், மிக்ஸிக்கு அதற்குள்ளேயே அடங்கிவிடும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்கும் வீடு என்றால் அந்த 100 யூனிட்டும் ஓனருக்குத்தான்.

பேச்சிலருக்கு வீடு கிடையாது என்ற பதிலுக்கும் தயாராக இருங்கள். அதற்குப் பின்னால் சில இடங்களில் சாதி விசாரணையும் ஒளிந்திருக்கும். கல்லூரிகள் உள்ள கருப்பூர், ஜங்ஷனை ஒட்டிய சூரமங்கலம், இரும்பாலை ரோடு பக்கம் முயற்சி செய்யலாம். பெண்களுக்கு விடுதி என்றால் 2014ஆம் வருஷச் சட்டப்படி பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். காட்டத் தயங்கும் விடுதியில் சேர வேண்டாம். அரசின் ‘தோழி’ விடுதி சேலத்திலும் உண்டு, முதலில் அங்கே இடம் கேட்டுப் பாருங்கள்.

மூன்று பேர் சேர்ந்து 9,000 ரூபாய் வீடு எடுத்தால் ஆளுக்கு 3,000தான். சிக்கல் வருவது அட்வான்ஸில். ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருக்கும், நடுவில் ஒருவர் பெங்களூருக்கு வேலை மாறிப் போவார், அவர் பங்கை யார் கொடுப்பது என்று நட்பே முறியும். போகிறவர் தன் இடத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்த பின்தான் பணம் என்று முதல் நாளே எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டில் இருந்தால் மிச்சமா?

கணக்குப்படி மாதம் 12,000 மிச்சமாக வேண்டும். ஆகாது. வாடகை இல்லை என்ற தைரியத்தில் முதல் வருஷமே பைக் EMI, அடுத்து போன் EMI. சம்பளம் வந்த மறுநாளே 6,000 ரூபாய் ஆர்.டி.க்குத் தானாகப் போகும்படி வைத்தால்தான் வீட்டில் இருப்பதற்கு அர்த்தம். 5,000 வீட்டுச் செலவுக்கு. இதைச் சும்மா அப்பா கையில் கொடுப்பதைவிட அரிசி, பால், கரண்ட் என்று இரண்டு மூன்று தலைப்பை நீங்களே எடுத்துக்கொள்வது நல்லது. முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டு பெட்ரோலுக்குக் கேட்டு வாங்கும் ஏற்பாடு கல்யாணம் வரைக்கும் இழுக்கும், மாற்றவே முடியாது. உங்கள் பெயரில் வீட்டுக்காக எடுக்கும் கடனுக்கும் சீட்டுக்கும் ஜாமீன் கையெழுத்துக்கும் தனி நோட்டு வையுங்கள்.

உங்கள் அறைக்கு ஏசி மாட்டுவதாக இருந்தால் கரண்ட் பில்லைப் பாருங்கள். ஒரு டன் ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 300, 400 யூனிட் கூடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதலான யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறும் என்று நினைக்காதீர்கள். 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கும் மேல்விலைதான். அந்த பில் வரும் நாளில்தான் வீட்டில் சண்டை வரும்.

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை தூக்கம். அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓடும் வீட்டில் நைட் ஷிஃப்ட்காரர் பகலில் தூங்க வழியே இல்லை. காதில் பஞ்சு வைத்தாலும் தறியின் அதிர்வு கட்டிலுக்கு வரும். மூன்று மாதத்துக்குமேல் இது தொடர்ந்தால் தூரம் இரண்டு கிலோமீட்டரே ஆனாலும் தனி ரூம்தான் சரி.

HRA (சம்பளத்தோடு வரும் வீட்டு வாடகைப் படி) பற்றிக் கேட்பவர்களுக்கு: வீடு அப்பா அல்லது அம்மா பெயரில் இருந்து, வாடகையை உண்மையாகவே அவர்கள் அக்கவுண்டில் கட்டினால், பழைய வருமான வரி முறையில் கழித்துக்கொள்ளலாம், அவர்கள் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். புதிய முறையில் அந்தச் சலுகை இல்லை. சேலத்துச் சம்பளத்துக்குப் பெரும்பாலும் புதிய முறையில் வரியே வராது, விட்டுவிடலாம்.

ஏற்காட்டில் வேலை என்றால்

இங்கே மேலே சொன்ன அளவுகோல் செல்லாது. சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இறங்கும்போது இன்ஜின் பிடிமானம் குறைவு, பிரேக்கே எல்லாச் சுமையும் தாங்கிச் சூடேறி, கீழே வருவதற்குள் பிடிப்பு குறையும். தினமும் போக வேண்டுமென்றால் கியர் பைக், இறக்கத்தில் இரண்டாவது கியர். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதை அடைபடும். குப்பனூர் வழி சுற்றிவர வேண்டும்.

மேலேயே தங்கினால் வாடகையைவிட ஈரம் பாருங்கள். சுவரின் அடியில் கறுப்புப் பூஞ்சை இருந்தால், புதிதாக வெள்ளை அடித்திருந்தாலும் அந்த வீடு வேண்டாம். துணி காய இரண்டு மூன்று நாள் ஆகும், சீருடை மூன்று செட்டாவது வேண்டும். இட்லி மாவு கீழே ஏழு மணி நேரத்தில் பொங்கிவிடும். மேலே டிசம்பரில் பதினான்கு மணி நேரம் வைத்தாலும் அசையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி வையுங்கள். வார நாளில் மலை, சனி ராத்திரி வீடு என்பதுதான் இங்கே தோதான ஏற்பாடு. விடுதி, எஸ்டேட் வேலைக்கு வார இறுதியில் லீவு கிடைக்காது என்பதால் அந்த லீவைப் புதன்கிழமை போல ஒரு வார நாளுக்கு மாற்றிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

தனியாகப் போகிறவர்கள் ரேஷன் கார்டில் பெயரை எடுக்க அவசரப்பட வேண்டாம். கேஸுக்கும் அலைய வேண்டாம்: 5 கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை காட்டியே வாங்கலாம், ஒருவர் சமைத்தால் ஏறக்குறைய ஒரு மாதம் வரும். குடி போகும் நாளில் சுவர், குழாய், சிங்க், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க, பைப் மாற்ற என்று அட்வான்ஸில் பிடிக்க வந்தால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.