கோபன்ஹேகனா, நெப்வொர்த்தா? வெள்ளோட்டக் கச்சேரியை எந்தப் பதிவில் கேட்பது

பழைய ராக் கச்சேரிப் பதிவுகளைச் சேர்ப்பவர்களிடம் எழுதப்படாத ஒரு தரவரிசை உண்டு. ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் பிடித்து, இசைத்தட்டு நிறுவனம் வெளியிடும் பல தடப் பதிவுக்கு முதலிடம். மேடை ஒலிகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சர் கருவியிலிருந்து நேராக இழுத்த சவுண்ட்போர்டு பதிவுக்கு அடுத்த இடம். கூட்டத்தில் யாரோ ஒருவர் மைக்கைச் சட்டைக்குள் ஒளித்துவைத்து எடுத்த ரசிகர் பதிவுக்குக் கடைசிப் பந்தி. வேறு எதுவும் கிடைக்காவிட்டால் கேட்கலாம் என்பதுதான் அதற்குரிய மரியாதை. நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1979 கோடையில் நடத்திய கச்சேரிகளை அடுத்தடுத்துக் கேட்ட பிறகு அந்த நம்பிக்கை ஆடிப்போனது. சிறிய அரங்கில் நடக்கும் வெள்ளோட்டத்துக்கு இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் பின்னணி. 1977 ஜூலை 23, 24 தேதிகளில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் இந்தக் குழு வாசித்தது. இரண்டே நாளில் பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் ஐந்து வயது மகன் இறந்துபோனான். சுற்றுப்பயணம் அதோடு நின்றது. அதற்குப் பின் குழு மக்கள் முன்னால் மேடை ஏறியது சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 1979 ஜூலை 23, 24 தேதிகளில். இடம், கோபன்ஹேகன் நகரத்துக்குள் தீவு போல் இருக்கும் ஃபிரெடரிக்ஸ்பெர்க்கின் ஃபால்கோனர் அரங்கம். சுமார் 2,000 பேர் அமரலாம். அதன்பின் ஆகஸ்ட் 4, 11 தேதிகளில் இங்கிலாந்தின் நெப்வொர்த் பூங்காவில் இரண்டு பிரம்மாண்டக் கச்சேரிகள். அங்கே திரண்ட கூட்டம் எவ்வளவு என்பதில் இன்றுவரை வழக்கு ஓயவில்லை. குறைத்துச் சொல்பவர்கள்கூட ஒரு லட்சத்தைத் தொடுகிறார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தின் முன்னால் போய் நிற்பதற்கு முன் கை நடுக்கத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் கோபன்ஹேகன்.

அந்த ஊரைத் தேர்ந்ததிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1968 செப்டம்பர் 7 அன்று, கிட்டார் வாசித்த ஜிம்மி பேஜின் பழைய குழுவான யார்ட்பேர்ட்ஸின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த நிலையில், இந்த நால்வரும் முதன்முதலாக மேடை ஏறியது கோபன்ஹேகனை ஒட்டிய கிளாட்சாக்ஸவில் இருந்த ஒரு பதின்பருவத்தினர் மன்றத்தில். 1970இல், ஆகாயக் கப்பலுக்குப் பெயர்போன செப்பலின் வம்சத்துப் பெண்மணி ஒருவர் குடும்பப் பெயரைப் பயன்படுத்தினால் வழக்குப் போடுவேன் என்று மிரட்டவே, ஓர் இரவு மட்டும் ‘தி நாப்ஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு வாசித்ததும் இதே ஊரில்தான்.

இப்போது போட்டியாளர்கள். நெப்வொர்த்துக்கு 2003இல் வந்த அதிகாரபூர்வ டிவிடி இருக்கிறது. சவுண்ட்போர்டு வழியாகக் கசிந்த பதிவுகள் இருக்கின்றன. புல்வெளியில் அமர்ந்து எடுத்த ரசிகர் பதிவுகளும் உண்டு. கோபன்ஹேகனுக்கு நான் கேட்டவை எல்லாமே ரசிகர் பதிவுகள்தான். காகிதத்தில் பார்த்தால் இது போட்டியே இல்லை.

டிவிடியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஜான் பான்ஹமின் டிரம் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் நிற்கிறது. ‘அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’ பாடலில் ஜிம்மி பேஜ் ஒற்றை கிட்டாரோடு நாலைந்து கிட்டாரின் வேலையைச் சமாளிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் நெப்வொர்த்திலிருந்து அதில் இருப்பவை ஏழே பாடல்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் நீண்ட கச்சேரிகளிலிருந்து பொறுக்கி எடுத்த விருந்து அது. தடுமாறிய இடங்கள், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கம்பியை முறுக்கிய நிமிடங்கள், பிளான்ட் கூட்டத்தோடு பேச்சுக் கொடுத்த நேரம் என்று வெள்ளோட்டத்தில் நாம் தேடுகிற சங்கதிகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட தொகுப்பில் கத்தரிக்குத்தான் இரையாகும்.

சவுண்ட்போர்டு விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. பலர் தவறாகப் புரிந்துகொள்வதும் இங்கேதான். மிக்சரிலிருந்து வருவது மேடையில் கேட்ட ஒலி அல்ல. கூடத்தின் ஸ்பீக்கர்களுக்கு அனுப்பப்பட்ட ஒலி மட்டுமே. திறந்தவெளியில் எல்லாவற்றையும் ஸ்பீக்கர் வழியாக அனுப்பியாக வேண்டும். ஆகவே நெப்வொர்த் போன்ற இடத்தில் மிக்சர் பதிவு ஏறக்குறைய முழுமையாக இருக்கும். சிறிய கூடத்தில் கதை வேறு. கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் டிரம்மும் மேடையிலிருந்தே காதைத் துளைக்கும். ஒலிப்பொறியாளர் அவற்றை ஸ்பீக்கரில் குறைத்து வைத்து, பாடகரின் குரலைத்தான் தூக்கி விடுவார். அந்த மிக்சர் ஒலியைத் தனியாகக் கேட்டால் குரல் முகத்தில் அறையும். கிட்டார் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் இருக்கும். கூடத்தில் நின்ற மனிதனின் காதில்தான் இரண்டும் சேர்ந்து சமநிலைக்கு வந்தன. அந்தக் காதுக்குப் பக்கத்தில் இருந்தது ரசிகரின் மைக்.

தூரக் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 15 மீட்டரில் அமர்ந்தவருக்கு அது வந்துசேர நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. நெப்வொர்த் சரிவில் 100 மீட்டர் பின்னால் இருந்தவருக்கு ஏறத்தாழ நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். நடுவே காற்றும் விளையாடும். அங்கே எடுத்த ரசிகர் பதிவுகளில் டிரம்மோடு சேர்ந்த சிம்பல் தட்டுகளின் ஒலி அலை அலையாக ஏறி இறங்குவது நாடாவின் கோளாறு மட்டுமல்ல. என்னைக் கேட்டால், நான்கு போட்டியாளர்களில் கடைசி இடம் இதற்குத்தான். அந்தப் பூங்காவில் நான் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுபவர் மட்டும் கேட்கலாம்.

பெரிய அரங்கில் நல்ல ரசிகர் பதிவே கிடையாதா என்றால், உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஃபோரம் அரங்கில் 1977 ஜூன் 21 அன்று மைக் மில்லார்ட் எடுத்த பதிவு இந்த வட்டாரத்தில் புராணமாகிவிட்டது. கருவியைக் காவலர்களின் கண்ணில் படாமல் கொண்டுபோக அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து போனதுண்டு என்பார்கள். ஆனால் அவருடைய ரகசியம் நாற்காலியில் இல்லை. மேடைக்கு மிக அருகில் இடம் பிடித்ததிலும், நல்ல நகாமிச்சி கேசட் பதிவுக் கருவியோடு தரமான மைக்குகளை வைத்திருந்ததிலும் இருக்கிறது. பெரிய அரங்குக்குள் ஒரு சிறிய அரங்கை அவர் கண்டுபிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

என் கட்சிக்கு எதிரான வலுவான சாட்சி ஒன்றும் இருக்கிறது. 1977 மார்ச் 4, 5 தேதிகளில் ரோலிங் ஸ்டோன்ஸ் டொரன்டோவின் எல் மொகாம்போ மதுக்கடையில் சில நூறு பேருக்கு மட்டும் வாசித்தது. வெளியே அறிவிக்கப்பட்டிருந்தது ஏப்ரல் வைன் என்ற குழு. கூடவே ‘தி காக்ரோச்சஸ்’. கரப்பான்பூச்சி என்ற பெயரில் ஒளிந்திருந்தவர்கள்தான் ஸ்டோன்ஸ். அங்கே ஒவ்வோர் இசைக்கருவியின் ஒலியையும் தனித்தனித் தடத்தில் பிடித்தார்கள். அன்று நான்கு பாடல்கள் மட்டும் இசைத்தட்டில் ஏறின. 2022இல் ஏறக்குறைய முழுக் கச்சேரியும் வந்தது. கேட்டால் மதுக்கடையின் வெக்கை முகத்தில் அடிக்கிறது. ஆக, சிறிய கூடத்தைப் பல தடத்தில் பதிந்து பொறுமையாகக் கலந்தால் ரசிகர் பதிவு தோற்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெள்ளோட்டத்துக்கு ஒலிப்பதிவு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துபவர்கள் எத்தனை பேர்? அது தெரிந்தே இசைத்தட்டுக்காக ஏற்பாடு செய்த கச்சேரி. பதிவாகிறது என்று தெரிந்தவர்கள் வாசிப்பதும் தெரியாதவர்கள் வாசிப்பதும் ஒன்றல்ல.

கோபன்ஹேகன் நாடாக்களில் கேட்பது இந்த இரண்டாவது வகை. ‘ஹாட் டாக்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அது இடம்பெற்ற இசைத்தட்டு 1979 ஆகஸ்ட் 15 அன்றுதான் கடைக்கு வந்தது. அரங்கில் இருந்தவர்களுக்கு முன்பின் தெரியாத பாட்டு, அதுவும் அமெரிக்க கன்ட்ரி இசையை நையாண்டி செய்வது. தெரியாத பாட்டுக்குக் கூட்டம் எப்படிக் கைதட்டும் என்பது மிக்சர் பதிவில் சரியாக விழாது. இங்கே அந்தத் தயக்கம்கூட இசையோடு சேர்ந்து வருகிறது.

குறைகளை மறைக்கக் கூடாது. சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். கச்சேரி அதைவிட நான்கு மடங்கு நீளம். பக்கம் திருப்பும் நேரம் ‘நோ குவார்ட்டர்’ போன்ற நீண்ட பாட்டின் நடுவில் வந்தால் போனது போனதுதான். பேட்டரி தளரும்போது நாடா மெதுவாக ஓடிப் பதிந்திருந்தால், இன்று ஒழுங்கான வேகத்தில் போடும்போது சுருதி ஏறிக் கேட்கும். சபாக் கச்சேரி நாடாக்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. பிரதிக்குப் பிரதி இரைச்சலும் கூடும். அதோடு பக்கத்து இருக்கைக்காரரின் விசில். ஹெட்ஃபோனில் கேட்டால் அவரை முதல் அரை மணி நேரம் வெறுப்பீர்கள். பிறகு அவர் இல்லாமல் கச்சேரியே நிறையாது.

இரண்டு இரவுகளில் எது? முதல் நாள் மின்சாரச் சிக்கலால் தொடக்கமே தாமதம். வாசிப்பிலும் துரு தெரிகிறது. பேஜின் விரல்கள் சில இடங்களில் மனத்துக்குப் பின்னால் ஓடுகின்றன. மறுநாள் நால்வரும் ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்க 24ஆம் தேதிதான் சரி. ஆனால் வெள்ளோட்டம் என்றால் என்ன என்று அறிய வேண்டுமானால் 23ஐ ஒருமுறையாவது முழுதாகக் கேளுங்கள். இவ்வளவு பெரிய குழு பயப்படுவதைக் காதால் கேட்கும் வாய்ப்பு எளிதில் கிடைக்காது. நெப்வொர்த்துக்கு டிவிடி போதும். சவுண்ட்போர்டு, டிரம் பழகுபவர்களுக்கு.

இந்த நாடாக்களைக் காசுக்கு விற்பவர்களிடம் வாங்காதீர்கள். எடுத்தவருக்கும் வாசித்தவருக்கும் அதில் ஒரு பைசா போகாது. ரசிகர்களுக்குள் இலவசமாகக் கைமாறுவதே இவற்றின் வழக்கம். எம்பி3 வேண்டாம், ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். கிடைத்ததும் முதலில் ‘காஷ்மீர்’ பாட்டுக்குப் போய் ஒரு கீபோர்டில் டி சுரத்தை அழுத்திப் பாருங்கள். பேஜின் கிட்டார் அதோடு இழையவில்லை என்றால், உங்கள் பிரதியின் வேகம் தவறு. வேறு பிரதி தேடுங்கள்.