பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கு: படத்தின் எண்ணைக் காட்டி ஏமாற்றுகிறார்கள்

பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா (லென்ஸை மாற்றி மாட்டும் வகை) வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் திரையில் ஒரு படத்தைக் காட்டி, "பாருங்கள், நாலாயிரம் கிளிக்தான் ஓடியிருக்கிறது" என்று சொன்னால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். நான் எடுத்துவிட்டேன். 28,500 ரூபாய்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையில் தினமும் பஸ்ஸில் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகிறவள் நான். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்த நாட்களில், நீலத் தாழைக்கோழிகள் கோரைக்குள் நீண்ட விரல்களைப் பதித்து நடப்பதைப் பார்த்துக்கொண்டே போவேன். கைபேசியில் எடுத்தால் நீலப் பொட்டாகத்தான் விழும். கொஞ்சம் தூரத்தை இழுக்கும் லென்ஸோடு ஒரு கேமரா வேண்டும் என்று நான்கு வருடமாக ஆசை. டிசம்பரில் சீட்டு எடுத்தேன். வீட்டுச் செலவு போக முப்பதாயிரம் மிஞ்சியது.

அந்தத் தொகைக்கு ஜூம் லென்ஸோடு புதிய கேமரா கிடைக்காது. நிக்கானின் டி3500, டி5600 போன்ற தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர்.களின் தயாரிப்பே நின்றுவிட்டது. நிறுவனங்கள் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் போய்விட்டன. ஆனால் பழையவற்றில் நல்ல கேமராக்கள் இருக்கின்றன. இப்போதும் அதையே சொல்வேன். நான் தேர்ந்தெடுத்த டி5300, 2013இல் வந்தது. 24 மெகாபிக்சல், திருப்பிப் பார்க்கும் திரை, வைஃபை. பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறவர்களுக்கு இது தாராளம்.

சென்னையில் பழைய கேமரா விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயரை எழுதாததற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். கடை மூடும் நேரம். விற்பனையாளர் கேமராவில், அதோடு சேர்ந்தே வரும் 18-55 கிட் லென்ஸை மாட்டிக் கையில் கொடுத்தார். பொத்தானை அழுத்தியதும் 'விர்' என்று ஃபோகஸ் ஆனது. கூடவே ஒரு பையிலிருந்து தூரத்தை இழுக்கும் 70-300 லென்ஸை எடுத்துக் காட்டி, "இதுவும் இதே கேமராவுக்குத்தான் அக்கா. பறவைக்கென்றே செய்தது. தனியாக ஏழாயிரத்து ஐந்நூறு" என்றார். எத்தனை படம் எடுத்த கேமரா என்று கேட்டேன். ஒரு படம் எடுத்து, திரையில் அதன் பெயரைக் காட்டினார்: டி.எஸ்.சி. 4127. "நாலாயிரம்தான். வாங்கிய டாக்டர் வெளியூர் போய்விட்டார். பெட்டியைப் பிரித்ததோடு சரி."

அந்த நான்கு இலக்க எண்ணைத்தான் நான் நம்பினேன். அது கேமராவின் வயது இல்லை; படக் கோப்பின் பெயர், அவ்வளவுதான். 9999 முடிந்ததும் அது மறுபடி 0001 என்று தொடங்கிவிடும். மெனுவுக்குள் போய் யார் வேண்டுமானாலும் அதை ஒரு நொடியில் ஒன்றுக்குத் திருப்பிவிடலாம். ஒவ்வொரு படத்துக்கும் கேமராவுக்குள் திறந்து மூடும் திரைதான் ஷட்டர்; அது எத்தனை முறை ஓடியது என்ற உண்மையான எண்ணிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. நிக்கான் டி.எஸ்.எல்.ஆர்.கள் எடுக்கும் ஒவ்வொரு ஜேபெக் படத்துக்குள்ளும் அது எழுதப்படுகிறது. எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்தால் தெரியும். உடன் பணிபுரியும் ஆசிரியையின் மகன்தான் பத்து நாள் கழித்து எனக்குத் திறந்து காட்டினான். ஷட்டர் கவுண்ட் என்ற வரிக்கு எதிரே 114138 என்று இருந்தது. கோப்பு எண் பதினொரு முறை முழுச் சுற்று வந்து, பன்னிரண்டாவது சுற்றில் நாலாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. கல்யாண வீடுகளில் ஓடிய கேமராவாக இருக்க வேண்டும். இந்த வரிசை கேமராக்களின் ஷட்டரை நிக்கான் ஒரு லட்சம் முறைக்குச் சோதித்திருக்கிறது. அதைத் தாண்டியதும் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, பல கேமராக்கள் மேலும் உழைக்கும். ஆனால் ஒரு லட்சத்தைத் தாண்டியதற்கு அதற்கேற்ற விலைதான் கேட்க வேண்டும்; அதை நாலாயிரம் என்று சொல்லி விற்பது திருட்டு.

அந்தப் பத்து நாளுக்குள் இன்னொன்று நடந்தது. ஜனவரியில் பழவேற்காட்டுக்குப் போனோம். ஏரியின் ஆழமில்லாத பக்கத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. முதல்முறையாக 70-300 லென்ஸை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். 'விர்' சத்தம் வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தியும் எல்லாம் மங்கலாகவே இருந்தது. யாரோ படகைத் தள்ள, கூட்டம் மொத்தமும் எழுந்தது. இறக்கைக்குள் ஒளித்துவைத்திருந்த சிவப்பும் கறுப்பும் ஒரே நேரத்தில் விரிந்தன. என்னிடம் இருப்பதெல்லாம் இளஞ்சிவப்புக் கறை பதினேழு.

திரும்பி வந்து கடைக்குப் போனேன். அவர் லென்ஸை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "லென்ஸில் குறை எதுவும் இல்லை அக்கா. உங்கள் பாடியில்தான் மோட்டார் இல்லை" என்றார்.

அவர் சொன்னது உண்மை என்பதுதான் என்னை இன்றும் கொதிக்க வைக்கிறது. நிக்கானில் லென்ஸ்மேல் 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' என்று எழுதியிருந்தால் ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். வெறும் 'ஏஎஃப்' என்றால் லென்ஸில் மோட்டார் கிடையாது, பாடியில், அதாவது கேமராவுக்குள், இருக்க வேண்டும். டி7000 வரிசை கேமராக்களில் இருக்கிறது. டி3000, டி5000 வரிசைகளில் இல்லை. என்னிடம் விற்றது வெறும் ஏஎஃப். என் கேமராவில் அதைக் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய முடியும். எந்தப் பாடியில் மோட்டார் இல்லை என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவருக்கு, விற்கும்போதும் அது தெரிந்திருக்கும் அல்லவா? "இரண்டையும் சேர்த்து விற்றது நீங்கள்தானே தம்பி?" என்று கேட்டேன். ரசீதைக் காட்டச் சொன்னார்.

நான் வைத்திருந்தது ஒரு துண்டுச் சீட்டு. "ரொக்கமாகக் கொடுத்தால் ஆயிரம் குறைத்துக்கொள்கிறேன்" என்றதால் யுபிஐயில் அனுப்பாமல் ரொக்கமாகக் கொடுத்திருந்தேன். சீட்டில் கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, கேமராவின் வரிசை எண்ணும் இல்லை. 'கேமரா செட் 28,500' என்று பென்சிலில் எழுதி, கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரப்பர் முத்திரை. பெயரை எழுதாததற்கு இதுதான் காரணம். அந்தக் கடையில்தான் வாங்கினேன் என்று காட்ட என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். முதலில் கேட்டது பில்.

நான்கு முறை நடந்த பிறகு, லென்ஸை வாங்கிக்கொண்டு 3,000 ரூபாய் கொடுத்தார்கள். ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மூவாயிரம். அதே நேரத்தில் கல்லாப் பக்கம் ஒரு கல்லூரிப் பையன் டி3300 ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். விற்பனையாளர் அவனுக்கும் திரையில் ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, அது கேமரா ஓடிய கணக்கு இல்லை" என்றேன். கடையே ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. அவன் கேமராவைக் கண்ணாடிமேல் வைத்துவிட்டு என்னோடு வெளியே வந்துவிட்டான்.

பஸ் நிறுத்தத்தில் நின்று அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். லென்ஸைக் கழற்றி, கைபேசி டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ஓரத்தில் சிலந்தி நூல்போல வெள்ளை இழை தெரிந்தால் பூஞ்சை. சென்னை ஈரக்காற்றில் அலமாரிக்குள் கிடந்த லென்ஸ்களுக்கு இது சாதாரணமாக வரும். என் கிட் லென்ஸிலும் இருக்கிறது. லென்ஸின் துளையை எஃப்/22 என்ற சிறிய அளவில் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால், படத்தைப் பதிவு செய்யும் சென்சார்மேல் இருக்கும் அழுக்கு கரும்புள்ளியாக விழும். எத்தனை லென்ஸ் கொடுக்கிறார்களோ அத்தனையையும் அங்கேயே மாட்டிப் பார்க்க வேண்டும். வரிசை எண்ணோடு பில் வேண்டும். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகத்தான் கொடுக்க வேண்டும். கேனான் என்றால் பெரும்பாலான மாடல்கள் ஷட்டர் எண்ணிக்கையைப் படத்தில் எழுதுவதில்லை, கேபிள் போட்டுக் கணினியில்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால் அங்கே வாங்க வேண்டாம். மாதிரிப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் விவரம் அழிந்துவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்ல வேண்டும்.

அதற்குள் அவனுடைய பஸ் வந்துவிட்டது. ஒன்று விட்டுப்போனது: கடைக்குப் போகும்போது உன்னுடைய மெமரி கார்டைக் கொண்டுபோ தம்பி. அதில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பணம் கொடுக்காமல் வீட்டுக்கு வந்து, முதலில் எண்ணிக்கையைப் பார்.