11 வருஷப் பாய் வள்ளம்: ஓடியதும் ஒழுகியதும்

அப்பா விட்டுப்போன வள்ளம். 28 அடி நீளம், ஆயினிப் பலகை, பலகையை உள்ளிருந்து தாங்கும் வங்குகளெல்லாம் கருவை மரம். என் கைக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. இன்ஜின் இருக்கிறது, ஆனால் நீண்ட ஓட்டத்துக்கு இன்றைக்கும் பாய்தான். மர வள்ளமா, பைபர் (கண்ணாடியிழை) படகா என்று கேட்கிறவர்களுக்குப் போன பங்குனியில் ஓடிய ஒரு ஓட்டத்தைச் சொன்னாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

பெரியபட்டணத்து மச்சான் ஒரு சீசனுக்கு வள்ளத்தைக் கேட்டிருந்தான். வேம்பாரிலிருந்து கரையை ஒட்டியே போனால் 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நானும் சித்தப்பா மகனும் ராத்திரி 2 மணிக்கு, கரையிலிருந்து கடலுக்கு வீசும் கரைக்காற்றில் பாய் விரித்தோம். வடமேற்கிலிருந்து இறங்கும் அந்தக் காற்று இடது பக்கமாகப் பாயில் விழுந்தால் வள்ளம் தானாக ஓடும். சுக்கானில் கை சும்மா கிடக்கும். மர வள்ளத்தின் கனம் அப்போதுதான் புரியும். பைபர் படகு அலைக்கு அலை தவ்வும், முதுகெலும்பு எண்ணிக்கொண்டே வரும். இது அலையை அறுத்துக்கொண்டு போகும். சித்தப்பா மகன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

உப்புத்தண்ணித் தீவு இருட்டிலேயே கடந்துபோனது. வெளுக்கும்போது வலப்பக்கம் நல்லதண்ணித் தீவு. (மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, நினைத்தபடி இறங்க முடியாது. பெயரில் நல்ல தண்ணீர் இருந்தாலும் நம் குடத்தில் இருப்பதைத்தான் குடிக்கணும்.) அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன், கழற்றிப் போட்டிருந்த என் செருப்பு காலடியில் மிதந்துகொண்டிருந்தது.

தப்பு என்னுடையது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் தை மாசத்திலிருந்து வள்ளம் கரையில் ஓலைக் கொட்டகைக்குள் கிடந்தது. காய்ந்த பலகை சுருங்கும், பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள பொருத்துவாய் திறந்துகொள்ளும். இறக்கினால் இரண்டு மூன்று நாள் ஆழமில்லாத தண்ணீரில் பாதி முழுக விட்டு ஊறவைக்கணும். நான் ஒரே ராத்திரி ஊறவைத்துவிட்டுக் கிளம்பினேன். பழைய மர வள்ளத்துக்குக் கடலைவிட வெயில்தான் எதிரி என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

வழக்கமாக ராத்திரிக்குப் பத்து வாளி இறைத்தால் போதும். அன்றைக்கு மணிக்குப் பத்து. 9 மணிக்குக் கரைக்காற்று செத்து, கிழக்கிலிருந்து வரும் கொண்டல் நேர் முகத்தில் அடிக்க ஆரம்பித்தது. எதிர்காற்றில் வளைந்து வளைந்துதான் போகணும். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் பருமல் என்கிற, பாய் கட்டிய குறுக்குக் கழியைப் பாய்மரத்தைச் சுற்றி மறுபக்கம் தள்ளணும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தன் இறைத்துக்கொண்டே இருக்கும்போது அது எங்கே நடக்கும்? பாயை இறக்கி, இன்ஜினைப் போட்டு வழியிலிருந்த வாலிநோக்கம் கரையில் ஏறினோம்.

உருளைக்கட்டை வைத்து இழுக்க ஊரே வந்தது. ஓடாவி (வள்ளம் கட்டும் தச்சர்) ஒரு பெரியவர். வள்ளத்தைப் பார்க்கவேயில்லை, கொட்டாப்புளியின் (மரச்சுத்தியல்) பிடியால் தட்டிக்கொண்டே நடந்தார். டக், டக், டக், பிறகு ஒரு இடத்தில் பொத். "ஐயா, அங்கே பொருத்துவாயே இல்லையே" என்றேன். "பொருத்துவாய் ஊறினா தானா அடைச்சுக்கும் தம்பி. இது ஆணி" என்றார். அடிமரமான ஏராவை ஒட்டிய முதல் பலகையில் பழைய இரும்பு ஆணி துருப்பிடித்து, சுற்றிலும் ஒரு ரூபாய் அகலத்துக்கு மரம் கறுத்துப் பஞ்சாகியிருந்தது. அப்படி ஏழு ஆணி. பக்கத்திலேயே ஊசிமுனை அளவு ஒரு துளை. உளியை வைத்ததும் உள்ளே சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் குழாய், சுண்டுவிரல் தடிமன், ஒரு சாண் நீளம். மரத்தைக் குடையும் கப்பல் புழு.

அதைவிடப் பின்பக்கம்தான் எனக்குப் பாடம். அஞ்சு வருஷம் முன்னால் ஒழுக்குக்குச் சோம்பல்பட்டு, அங்கே இரண்டு முழத்துக்குப் பைபர் ஒட்டியிருந்தேன். வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. பெரியவர் ஓரத்தைக் கிளப்பினார், பலகை பழைய சோறு மாதிரி விரலோடு வந்தது. எங்கேயோ ஒரு கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, வெளியே வர வழியில்லை, மரம் காயவே இல்லை. புதிதாகவே பைபரில் செய்த படகு வேறு சங்கதி, அதைக் குறை சொல்லவில்லை. பழைய மரத்துக்கு மேல் பைபர் போர்த்துவதை மட்டும் யார் கேட்டாலும் வேண்டாம் என்பேன்.

மூன்று நாள் வேலை. ஒரு பலகைத் துண்டு மாற்றி, செம்பு ஆணி அடித்து, முறுக்கிய பருத்தி நூலைப் பொருத்துவாய்களில் உளி வைத்து இறக்கி அடைத்து, கலப்பத்துப் பார்த்தார். மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய பசை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துக் கடித்தார். நொறுங்கினால் எண்ணெய் பத்தாது, பல்லில் ஒட்டினால் குங்கிலியம் பத்தாதாம். கடைசியில் அடிப்பக்கம் முழுக்க முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய். கையுறை போடாமல் பூசி, எனக்கு ஒரு வாரம் உள்ளங்கை கொப்புளம்.

செலவு? பைபர் பூச்சை விடக் கூடத்தான் ஆனது. வருஷத்துக்கு ஒரு தடவை இந்த எண்ணெய், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கலப்பத்து. இதற்கு நேரம் இல்லாதவர்கள் மர வள்ளம் வாங்க வேண்டாம்.

நாலாம் நாள் கரைக்காற்றில் கிளம்பி, கீழக்கரை தாண்டி, காலைக் கஞ்சிக்குப் பெரியபட்டணம். இறைத்துப் பார்த்தால் இரண்டு சிரட்டைத் தண்ணீர். மச்சான் சுற்றி வந்து, "எதுக்கும் அடியில ஒரு கோட் பைபர் போட்டுருவோமா மாப்ள" என்றான். மிச்சமிருந்த குங்கிலியத்தையும் நூல் கண்டையும் அவன் கையில் கொடுத்துவிட்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.