ஹட்டனில் ஒரு திரைப்பட விழா: கொழுந்து மலையில் நிற்பவர்களுக்கும் இடம் வேண்டும்

சமூக மாற்றத்தைத் தூண்டும் திரைப்படங்களுக்கென்றே ஒரு விழா, இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தின் ஹட்டன் நகரில் நடந்திருக்கிறது என்பது மலையகத்தவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நடக்கும் திரைப்பட விழாக்களைப் பற்றிப் பத்திரிகையில் வாசிப்பதோடு எம்மில் பலருக்கு அந்த உறவு முடிந்துவிடுகிறது. பஸ்ஸில் கொழும்புக்குப் போய்வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய வேலைக் கணக்கும் சம்பளமும், போய்விடும். ஒரு படத்துக்காக அந்த இழப்பை ஏற்கும்படி தோட்டத்துக் குடும்பம் எதனிடமும் கேட்க முடியாது. ஆகவே படங்கள் எம்மைத் தேடி வந்ததை மனமார வரவேற்கிறேன். படத் தெரிவும் படத்துக்குப் பின் நடந்த உரையாடல்களும் மிக உயர்ந்த தரத்தில் இருந்தன. ஆனால் எவருடைய வாழ்க்கையைப் பற்றி அந்தப் படங்கள் பேசினவோ அவர்களில் பெரும்பாலானோர் மண்டபத்துக்கு வரமுடியாதபடி நேரமும் மொழியும் அமைந்திருந்தன. இந்தக் குறையைச் சொல்லாமல் விழாவைப் பாராட்டி மட்டும் எழுத என்னால் முடியவில்லை.

விழாவின் மிகச் சிறந்த தெரிவு, 1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'சால்ட் ஒப் த ஏர்த்'. நியூ மெக்சிகோ மாநிலத்தின் துத்தநாகச் சுரங்கமொன்றில் 1950இல் தொடங்கி 1952 வரை நீடித்த வேலைநிறுத்தத்தை அடிப்படையாகக் கொண்ட கதை அது. சுரங்கத்தில் வேலை செய்பவர்கள் மெக்சிக்கோ வம்சாவளியினர். குடியிருப்பது கம்பனிக்குச் சொந்தமான வீடுகளில். வெள்ளைக்காரத் தொழிலாளரின் வீடுகளில் குழாய்த் தண்ணீர் வருகிறது, இவர்களுடைய வீடுகளில் வருவதில்லை. கோரிக்கைப் பட்டியலில் தண்ணீரையும் கழிவு வசதியையும் சேர்க்க வேண்டுமென்று பெண்கள் கேட்கும்போது, முதலில் பாதுகாப்பும் சம்பளமும் தீரட்டும், மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று ஆண்கள் தள்ளிவைக்கிறார்கள். பின்னர் தொழிலாளர் மறியலில் நிற்கக் கூடாதென்று நீதிமன்றம் தடை விதிக்கிறது. மனைவியர் சுரங்கத் தொழிலாளர் அல்லர் என்பதால் அந்தத் தடை அவர்களைக் கட்டுப்படுத்தாது. அவர்கள் மறியலில் நிற்கிறார்கள், கண்ணீர்ப் புகையை எதிர்கொள்கிறார்கள், கைக்குழந்தைகளோடு சிறைக்குப் போகிறார்கள். வீட்டில் விறகு பிளந்து, தண்ணீர் காய்ச்சி, துணி துவைக்க நேரும் கணவர்களுக்கு, தண்ணீர்க் கோரிக்கை ஏன் முதலிடத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் விளங்குகிறது.

இந்தப் படத்தை மலையகத்தில் பார்ப்பது வேறெங்கும் பார்ப்பதைப் போன்றதன்று. கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர்களும் அவர்களே. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருந்து வந்திருக்கிறார்கள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கைமாறிய பின் கூட்டு ஒப்பந்தங்களைச் சுற்றி நடந்த போராட்டங்களை நினைத்துப் பாருங்கள். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்படும் வரை எத்தனை ஆண்டுகள் அந்த ஒரே எண்ணைச் சுற்றிப் பேச்சு நடந்தது. சம்பளம் முதன்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மலையில் நிற்கும் பெண்ணுக்கு ஒதுங்க ஒரு மலசலகூடம் இல்லை என்பதும், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு வரும் பீலித் தண்ணீர் கோடையில் வற்றிப்போகிறது என்பதும் அந்தப் பேச்சுகளில் எத்தனை முறை முதலாவதாக எழுந்தன? படம் முடிந்ததும் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்த நடுவயதுப் பெண்ணொருவர் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டார். அதற்கு மேடையில் இருந்தவர்கள் அவசரமாகப் பதில் சொல்லாமல், அவரையே மேலும் பேச விட்டார்கள். விழாவின் மிகச் சிறந்த தருணம் என்று நான் கருதுவது அதைத்தான். ஏற்பாட்டாளர்களின் பக்குவம் அதில் தெரிந்தது.

படம் உருவான விதத்தைப் பற்றிய அறிமுக உரையும் செறிவாக இருந்தது. இயக்குநர் ஹேர்பர்ட் பிபர்மன், கம்யூனிச எதிர்ப்பு வேட்டையின்போது விசாரணைக் குழுவுக்குப் பதிலளிக்க மறுத்துச் சிறை சென்ற ஹொலிவூட் பத்துப் பேரில் ஒருவர். கதாநாயகியாக நடித்த மெக்சிக்கோ நடிகை ரொசவுரா ரெவுவெல்தாஸ் படப்பிடிப்பு முடிவதற்கு முன்பே அமெரிக்காவை விட்டு வெளியேற்றப்பட்டார். கதாநாயகனாக நடித்த ஹுவான் சக்கோன் நிஜத்தில் அந்தச் சுரங்கத் தொழிற்சங்கத்தின் தலைவர். தொழிலாளர் தம் கதையில் தாமே நடித்திருக்கிறார்கள் என்ற செய்தி, கைத்தொலைபேசியில் குறும்படம் எடுக்கும் எம் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஊக்கம் தந்தது என்பதை இடைவேளையில் அவர்களுடைய பேச்சில் கேட்டேன்.

விழாவில் இரண்டாவதாக என்னைக் கவர்ந்தது, 2017இல் வந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம். கையால் மலம் அள்ளும் தொழிலில் தமிழ்நாட்டில் இன்னும் மனிதர்கள் தள்ளப்படுவதை நேரே காட்டும் இந்தப் படத்தின் திரையிடல்களுக்கு அங்கே காவல்துறை தடை போட்டதால், அது யூடியூப் வழியாகவே பரவியது. தமிழ்ப் படம் என்பதால் மண்டபம் முழுவதும் எவருடைய விளக்கமும் இன்றி ஒன்றிப் பார்த்தது. மலையக நகரங்களில் குப்பை அள்ளுபவர்களும் வடிகான் சுத்தம் செய்பவர்களும் யார், எந்தக் குடியிருப்புகளிலிருந்து வருகிறார்கள் என்பது எமக்குத் தெரியாததன்று. சாதி எங்களிடம் இல்லை என்று மேடையில் சொல்லிப் பழகிய சமூகம் இந்தப் படத்துக்குப் பின் சிறிது நேரம் பேசாமல் இருந்தது இயல்பே. பின்னர் தொடங்கிய உரையாடலை நேரம் போதாதென்று கால் மணித்தியாலத்தில் முடித்தது தவறு. தேநீர் இடைவேளையைக் குறைத்தாவது அதைத் தொடர விட்டிருக்கலாம்.

வீடற்றோரைப் பற்றி 1966 நவம்பரில் பிபிசி ஒளிபரப்பிய, கென் லோச் இயக்கிய 'கேத்தி கம் ஹோம்' மூன்றாவதாக என்னைக் கவர்ந்தது. ஒரு இளம் குடும்பம் படிப்படியாக வீட்டை இழந்து, இறுதியில் தாயிடமிருந்து பிள்ளைகளும் பிரிக்கப்படும் கதை. 7 பேர்ச் காணிக்கும் அதில் ஒரு தனி வீட்டுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் மக்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் விழாக் கையேட்டில், 'ஷெல்டர்' என்ற வீட்டுரிமை அமைப்பு இந்தப் படத்தின் விளைவாகவே பிறந்தது என்று எழுதியிருந்தார்கள். அது திருத்தப்பட வேண்டும். அந்த அமைப்பு முன்கூட்டியே தயாராகிக் கொண்டிருந்தது. படம் ஒளிபரப்பான சில நாட்களில், டிசம்பர் 1ஆம் திகதி அது தொடங்கப்பட்டபோது, படம் பார்த்துக் கொதித்திருந்த மக்கள் ஆதரவு தந்தார்கள். இந்த வேறுபாடு சிறியதன்று. படம் எழுப்பும் உணர்ச்சியை ஏந்திக்கொள்ள ஓர் அமைப்பு வாசலில் தயாராக நிற்க வேண்டும் என்பதே அந்த வரலாறு காட்டும் உண்மை. ஹட்டன் விழாவில் காணியுரிமைக்காக உழைப்பவர்கள் ஒருவருக்கேனும் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருந்தால், படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் தம் பெயரையாவது பதிந்து விட்டுப் போயிருப்பார்கள்.

உள்ளூர் இளைஞர்களின் குறும்படங்களில் தரம் ஏறியும் இறங்கியும் இருந்தது. தாய் மத்திய கிழக்குக்குப் போய்விட, பிள்ளைகள் பாட்டியிடம் வளரும் கதை பலவற்றில் திரும்பத் திரும்ப வந்தது. அது எமது நிஜம்தான், ஆயினும் சோக இசையைக் குறைத்து முகங்களைப் பேச விட்டிருந்தால் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும். நேர்முகத் தேர்வுக்கான கடிதம் தோட்டக் காரியாலயத்திலேயே தங்கிவிட, வேலைவாய்ப்பை இழக்கும் ஒரு பெண்ணின் கதை மட்டும் தனித்து நின்றது. லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாததன் விலையை அந்தப் படம் ஒரு வசனமும் வீணாக்காமல் காட்டியது.

இனி, குறைகள். வெளிநாட்டுப் படங்களுக்கு ஆங்கில உபதலைப்பு மட்டுமே இருந்தது. தொண்டர் ஒருவர் இடையிடையே ஒலிவாங்கியில் தமிழில் கதை சொன்னார். அவருடைய உழைப்பு போற்றத்தக்கது, ஆனாலும் வசனத்தின் வேகத்துக்கு எவராலும் ஈடுகொடுக்க முடியாது. உபதலைப்புக் கோப்பு என்பது நேரக் குறிப்புகளோடு கூடிய வெறும் எழுத்துக் கோப்பு. ஒன்றரை மணி நேரப் படமொன்றுக்கு அதைத் தமிழில் ஆக்க, பல்கலைக்கழக மாணவர் சிலர் கூடினால் போதும். 'சால்ட் ஒப் த ஏர்த்' அமெரிக்காவில் காப்புரிமை நீங்கிப் பொதுவுடைமையான படம் என்பதால், எமது பேச்சுத் தமிழில் குரல் கொடுக்கக்கூட வழி உண்டு. வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு உபதலைப்பை விட அதுவே உதவும். 1930களிலும் 40களிலும் கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் தொழிலாளரிடம் அரசியலைக் கொண்டு சென்றபோது, மீனாட்சியம்மை பாடினார். எழுத்தறியாதவர்களையும் பாட்டு எட்டியது. செவிக்கு எட்டும் வழியை இந்த மண்ணில் முன்னோடிகள் அப்போதே கண்டிருந்தார்கள்.

நேரத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முக்கியப் படங்கள் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் பகலில் காட்டப்பட்டன. சனிக்கிழமை தோட்டத்தில் வேலை நாள். இரவில் காட்சி வைத்தாலும், மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளையை அழைத்துக்கொண்டு வீடு சேர்ந்து அடுப்பு மூட்டும் பெண், இருட்டிய பின் மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ ஹட்டனுக்கு எப்படி வருவார், வந்தால் எந்த பஸ்ஸில் திரும்புவார்? ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்ததிலிருந்தே விடை தெரிகிறது. மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடும் திடலில் குளிரையும் பொருட்படுத்தாமல் இரவு முழுவதும் கண்விழித்திருக்கும் மக்கள் இவர்கள். அந்தத் திடலிலேயே வெள்ளைத் துணியொன்றைக் கட்டிப் படம் காட்டினால் வராமல் இருக்கமாட்டார்கள்.

இன்னொரு விடுபடலும் எனக்கு வருத்தம் தந்தது. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இலேயே தோட்டத் தொழிலாளரைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது இலங்கைத் தமிழ்ச் சினிமா இழந்தவை பல. எஞ்சியவற்றைத் தேடிப் பிடிப்பது கடினமான வேலைதான். என்றாலும் மலையகத்தில் நடக்கும் விழா அந்தப் படத்தைப் பற்றி ஓர் உரையையாவது ஒழுங்கு செய்திருக்க வேண்டும்.

மண்டபத்தின் ஒலியமைப்பு சுமார்; நுழைவு இலவசம்; பெண்களுக்கான மலசலகூடம் சுத்தமாக இருந்தது. அடுத்த விழா அறிவிக்கப்பட்டால் தயங்காமல் போங்கள், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள், உரையாடல் முடியும்வரை இருங்கள். ஏற்பாட்டாளர்களிடம் நான் எழுத்து மூலம் கேட்டிருப்பது இரண்டே: ஒரு படத்துக்கேனும் தமிழ்க் குரல், ஞாயிறு மாலை ஒரு தோட்டத்திலேனும் திரையிடல்.